சாரலில் உலர்ந்த கல்

தென்காசி
2-5-1958

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வீட்டில் எல்லோரும் இறைவன் கிருபையால் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். பம்பாயில் நீங்களும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

பெருநாள் முடிந்து வீடு அமைதியாகிவிட்டது. மாமியின் முழங்கால் வலி பரவாயில்லை. மாமாதான் சரியாகச் சாப்பிடுவதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். சிற்றாறு மணலாய்க் கிடக்கிறது. சாயப்பட்டறைக்கு ஆற்றுத் தண்ணீர் இல்லை. பின்கட்டுக் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, ஆனால் அதில் சாயம் காய்ச்சினால் என்ன ஆகும் என்று நீங்கள் இங்கிருந்தபோது எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள். போன வாரம் நாப்தால் சிவப்புச் சாயத்தில் முக்கியெடுத்த நூல் முழுவதும் திட்டுத் திட்டாய் வந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் சாயத்தைத் திரித்துவிட்டது. வியாபாரி நூல் சிட்டங்களை விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கட்டி வைத்துவிட்டுப் போனாராம். ஏதாவது திட்டியிருந்தால் மாமாவுக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

வண்டிக்காரச் சுடலைமாடன் மாட்டுவண்டியில் பீப்பாய்களைக் கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போய், அருவிக்குக் கீழே பாறைக் குழிகளில் தேங்கிக் கிடப்பதை மொண்டு வருகிறான். அது ஒரு தொட்டிக்குக்கூடக் காணாது. கோடை முழுவதும் பட்டறை பாதி நாள் மூடித்தான் கிடக்கிறது. இங்கே இரண்டு பேருக்கு வேலை இல்லை என்று சொல்லித்தானே நீங்கள் பம்பாய்க்கு ரயிலேறினீர்கள்? அப்போது அது எனக்குச் சாக்குப்போல் தெரிந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை.

உங்கள் போன கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். உங்கள் தொழிற்சாலையில் ஜியோலைட் என்று ஒரு கல்லைச் செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மலையில் வெட்டி எடுப்பது இல்லை, மனிதர்களே காய்ச்சிச் செய்வது. அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். சுண்ணாம்புத் தண்ணீர் அதன்வழியாக இறங்கினால் கல் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன்னிடம் இருக்கும் சோடியத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். கல் நிறைந்து களைத்துப் போனால் அதன்மேல் உப்புக் கரைசலை ஊற்றவேண்டும், சுண்ணாம்பை உதறிவிட்டுப் பழையபடி புதிதாகிவிடும் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். படித்துக்கொண்டே மத்தியானம் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் குற்றாலத்து மலை முழுவதும் அந்தக் கல்லாக இருந்தது. வெள்ளையாக, ஈரமாக, வெளிச்சம் உள்ளே போய் வருகிற மாதிரி. அருவி அதன்மேல் விழுந்து நேராக நம் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விழித்தபோது கன்னத்தில் ஈரம் இருப்பதுபோல் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வியர்வைதான்.

மச்சான், அந்தக் கல்லை வீட்டில் செய்யமுடியுமா? பணியாரம் சுடச் சொல்லிக்கொடுப்பதுபோல், எதை முதலில் போடவேண்டும், எதைப் பிறகு போடவேண்டும் என்று எனக்கு எழுதுங்கள். நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு எழுதுங்கள்.

நாம் சேர்ந்து குடியிருக்க அறை கிடைத்ததா என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இப்போதும் கேட்கவில்லை.

துஆவுடன்,
தங்கள் மனைவி அலிமா


தென்காசி
20-7-1958

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சாரல் பிடித்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் மலை இல்லை, மேகம்தான் இருக்கிறது. காற்று ஈரத்தைத் தூவிக்கொண்டே போகிறது. கொஞ்ச நேரம் வெயில் வருகிறது, அதுவும் பழந்துணி வழியாக வருவதுபோல் மெல்லியதாக. சிற்றாற்றில் தண்ணீர் ஓடுகிறது, பட்டறையில் எல்லாத் தொட்டியும் ஓடுகின்றன. மாமா முகம் தெளிந்திருக்கிறது. குற்றாலத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களால் தெருவில் நடக்க வழியில்லை.

நீங்கள் எழுதி அனுப்பியதை வைத்துக்கொண்டு நான் செய்ததையெல்லாம் முறையாகச் சொல்கிறேன். படிகாரமும் காஸ்டிக் சோடாவும் பட்டறையிலேயே இருந்தன. சிலிக்கேட் என்று நீங்கள் எழுதியிருந்த கண்ணாடிப் பாகுக்காக மாமா திருநெல்வேலியில் சவுக்காரம் காய்ச்சுகிறவர்களிடம் சொல்லி ஒரு டின் வரவழைத்தார். எதற்கு என்று கேட்டார். உங்கள் மகன் எழுதியிருக்கிறார் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

முதல் தடவை சிலிக்கேட்டில் தண்ணீர் சேர்க்காமல் பாகுபோல் அப்படியே ஊற்றிவிட்டேன். பால் திரிந்ததுபோல் கட்டி கட்டியாய் ஆகி வீணாய்ப் போயிற்று. இரண்டாம் தடவை நன்றாகத்தான் வந்தது. அதை மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்தேன், அது சாரலுக்கு முந்தின வெயில். மாலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் மாவாகிக் கிடந்தது. தண்ணீரில் போட்டேன், சேறு ஆனது.

அடுத்ததில் ஒரு விபத்து. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் மாமி வேறு யாரையாவது எழுதச் சொல்லி உங்களுக்குத் தெரிந்தால் இன்னும் பயப்படுவீர்கள். காஸ்டிக் கரைக்கும்போது தெறித்து இடது முன்கையில் பட்டுவிட்டது. பட்டறையில் நூல் அலசுகிற மாரித்தாய் பக்கத்தில் இருந்ததால் ஓடி வந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். தோல் உரிந்தது, இப்போது ஆறிவிட்டது, ஒரு தழும்பு மட்டும் இருக்கும். மாமிதான் அழுதுவிட்டார்கள். “மூஞ்சில தெறிச்சிருந்தா எம் மவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? கல்லும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்றார்கள். கை ஆறும்வரை பட்டறைப் பக்கமே விடவில்லை.

அந்த நாட்களில்தான் மாமி என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நின்றேன். தலையில் தண்ணீர் விழும்போது வேறு சத்தமே கேட்பதில்லை, உங்களுக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் பம்பாயில் இருப்பதுபோல்கூட இருந்தது. சவுக்காரத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் நுரை பொங்கிவிட்டது. அப்போதுதான் நினைத்தேன், மலையிலிருந்து விழும் தண்ணீருக்குச் சுண்ணாம்பைச் சந்திக்க நேரமே இல்லை, விழுந்த வேகத்தில் வந்துவிடுகிறது. நம் கிணற்றுத் தண்ணீர் பாவம், எத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்து எதையெல்லாம் கரைத்துச் சுமந்துகொண்டு வருகிறதோ. ஒரு பாட்டிலில் அருவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். என் கல் வழியாக வரும் தண்ணீரை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று ஆசை. மாமி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும், கையில் சுற்றிக்கொள் என்று தடித்த துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அதுதான் சம்மதம்.

இந்த முறை அவசரப்படவில்லை. படிகாரக் கரைசலில் காஸ்டிக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். முதலில் வெள்ளையாய்த் திரிந்தது, மேலும் ஊற்ற ஊற்றத் திரிந்தது கரைந்து தெளிந்துவிட்டது. நீங்கள் எழுதியிருந்தபடியேதான். சிலிக்கேட்டை நன்றாக நீர்க்க வைத்து, இதை அதில் ஊற்றிக் கலக்கினேன். தண்ணீரில் லேசாக ஒரு நீலம் ஓடியது. பிறகு துடுப்பு கனத்தது. பிறகு நின்றுவிட்டது. பானையைச் சாய்த்தால் சிந்தவில்லை, நடுங்கியது. மாரித்தாய் எட்டிப் பார்த்து, “ஏ தாயி, பெருநாளைக்குக் குடுத்தியளே, ஆடுற இனிப்பு, கடல்பாசி, அது மாதிரில்லா இருக்கு” என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அதைத் துணியில் கட்டிப் பிழிந்து, துண்டு போட்டு, நூல் உலர்த்தும் கொட்டகைக்குள் பாயில் பரப்பினேன். வெயிலே படவில்லை. நாலு பக்கமும் திறந்த கொட்டகை, காற்று மட்டும் இராப்பகலாய் அடித்துக்கொண்டே இருந்தது. மெதுவாக, மிக மெதுவாகச் சுருங்கியது. கடைசியில் கண்ணாடித் துண்டுபோல் ஆகிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு மங்கல், மேகம்போல. எடுத்துத் தண்ணீரில் போட்டேன். படபடவென்று வெடித்துக் கல்கண்டு நொறுங்கினதுபோல் குருணையாகிவிட்டது. காதை வைத்துக் கேட்டேன் மச்சான். நெருப்பில்லாமல் பொரிகிற சத்தம்.

வெயில் கெடுத்ததைச் சாரல் செய்து கொடுத்துவிட்டது. அதனால் இந்தப் பருவம் முடிவதற்குள் முடிந்தமட்டும் செய்து சேர்த்து வைக்கப்போகிறேன். கோடையில் வேண்டுமல்லவா. ஒரு பொட்டலம் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் தொழிற்சாலையில் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டிக் கேட்டு எழுதுங்கள்.

அறை பார்க்கப் போயிருந்ததாகவும் கூட்டமாய் இருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். கிடைக்கும். மனத்தைத் தளரவிடாதீர்கள்.

துஆவுடன்,
தங்கள் மனைவி அலிமா


தென்காசி
5-3-1959

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் தொழிற்சாலைக் கெமிஸ்ட் என் கல்லை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மென்மையாக இருக்கிறது, நாளடைவில் தேயும், ஆனால் வேலை செய்கிறது என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னபடி அதன்பிறகு செய்ததையெல்லாம் இன்னும் நிதானமாக உலரவிட்டேன். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஆறு வற்றிவிட்டது. மாமா சுடலைமாடனை வண்டி பூட்டச் சொன்ன அன்று, நான் மாமியிடம் சொல்லி, மாமி மாமாவிடம் சொல்லி, பழைய பீப்பாய் ஒன்றைப் பட்டறை மேடையில் ஏற்றி வைத்தோம். அடியில் கூழாங்கல், அதன்மேல் ஆற்று மணல், அதன்மேல் என் கல். மேலே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கீழே குழாயில் வரும். முதலில் வந்ததெல்லாம் கலங்கலாகவும் காஸ்டிக் காரத்தோடும் இருந்தது. அதைக் கொட்டிவிட்டு ஓடவிட்டோம். தெளிந்தபிறகு ஒரு பாட்டிலில் பிடித்துச் சவுக்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்கினேன். நுரை எழும்பி அப்படியே நின்றது. அருவியிலிருந்து கொண்டுவந்து மூடி வைத்திருந்த தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன். இரண்டு நுரையும் ஒன்றுபோல் நின்றன. எந்தப் பாட்டில் எது என்று எனக்கே ஒரு கணம் மறந்துவிட்டது.

மாமா இரண்டு பாட்டிலையும் வாங்கிப் பார்த்தார். நூலை எடுத்து வரச் சொன்னார். அவரே நாப்தால் கரைத்தார், அவரே முக்கினார். நிறம் ஏற்றி, அலசி, பிழிந்து, கம்பில் போட்டு விரித்தபோது பட்டறையில் எல்லோரும் கைவேலையை விட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். ஒரு திட்டு இல்லை. தலைப்பிலிருந்து அடிவரை ஒரே சிவப்பு. மாலை வெயில் கம்பின் மறுபக்கம் இருந்தது, கொட்டகையே சிவந்துபோய், எல்லோர் முகமும் சிவந்துபோய், மருதாணி வைத்த உள்ளங்கைக்குள் நாங்கள் நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது. மாமா சிட்டத்துக்குள் கையை விட்டுப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “சுடல, நாளைக்கு வண்டி பூட்ட வேண்டாம்லே” என்றார்.

நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன். சுடலைமாடன் முகத்தைப் பார்த்ததும்தான் தரையில் இறங்கினேன். கோடையில் அவன் வீட்டில் உலை வைப்பதே இந்தத் தண்ணீர் வண்டியால்தான். அவன் மாடுகளைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றான். இதை நான் யோசித்திருக்கவே இல்லை மச்சான். கல் செய்வதை மட்டும்தான் யோசித்தேன். அன்று முழுவதும் மனசு ஒரு நிலையில் இல்லை. மறுநாள் மாமியிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். நடந்தால் எழுதுகிறேன்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் குடத்தோடு வர ஆரம்பித்திருக்கிறார்கள். தலைக்கு ஊற்ற, துணி அலச என்று. இந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வெந்துவிடுகிறதாம். மாமி அவர்களிடம், எம் மருமவ குத்தாலத்த வீட்டுக்குக் கொண்டாந்துட்டா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே நின்று கேட்டேன். சாயங்காலம் தண்ணீரில் நுரை குறைந்தது. கல் களைத்துவிட்டது. தூத்துக்குடி உப்பைக் கரைத்து ஊற்றி, அலசிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். பழையபடி ஆகிவிட்டது. அது எனக்கு ஒவ்வொரு முறையும் அதிசயமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது. உங்கள் ஞாபகமாகவே இருக்கும். பம்பாயில் நோன்பு திறக்க நல்ல கஞ்சி கிடைக்கிறதா? சோர்வாக இருந்தால் கூடுதல் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

துஆவுடன்,
தங்கள் மனைவி அலிமா


தென்காசி
28-4-1959

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் வந்தது. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு உடம்பு சுகமில்லையோ என்று நினைத்திருப்பீர்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். எழுத உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து இப்போது எழுதுகிறேன்.

அறை கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் மாடி, ஜன்னலில் நின்றால் கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு கீற்றாய்த் தெரியும், சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, உன் அண்ணனிடம் சொல்லி டிக்கெட் எடுத்து அவரோடு புறப்பட்டு வா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் வந்தபோது நான் பட்டறையில் இருந்தேன். சாயக் கையோடு பிரித்ததால் ஓரத்தில் சிவப்பாகிவிட்டது. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து இந்தக் கடிதத்துக்காகத்தானே காத்திருந்தேன்? அந்த ஜன்னலைக் கனவில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். திரை என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியும். ஆனால் படித்து முடித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை மச்சான். வந்திருக்கவேண்டும். வரும் என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள்மேல் உள்ள பிரியம் குறைந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நான் அதை எப்படி எழுதிக் காட்டுவது என்று தெரியவில்லை. ஆகையால் இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

அடுத்த தெருவில் சாயப்பட்டறை வைத்திருக்கும் அப்துல் மஜீது வந்து, எங்கள் சிவப்பைப் பார்த்துவிட்டு, தன் பட்டறைக்கும் கல் வேண்டும் என்று மாமாவிடம் கேட்டார். ஆய்க்குடியிலும் ஆலங்குளத்திலும் இருந்து ஆட்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அங்கே கிணறுகள் நம்முடையதைவிட மோசம். கல்லையும் உப்பையும் அங்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, தேய்ந்துபோனதற்குப் புதுக்கல் போடுவது எல்லாம் இப்போது சுடலைமாடன் வண்டிதான். மாமியிடம் நான் சொன்ன யோசனை அதுதான். போன வாரம் ஆலங்குளத்திலிருந்து திரும்பி வந்து, “அங்கன ஒரு கிழவர் தண்ணியக் கையில அள்ளி அள்ளிப் பாக்காரு, யம்மா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பீப்பாய் போதவில்லை என்று மாமா செங்கலில் பெரிய தொட்டியாகவே கட்ட ஏற்பாடு செய்துவிட்டார். முந்தாநாள் கொத்தனார் நாறும்பூநாதன் வந்து நூல் பிடித்து அளந்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் கல் சலித்துக்கொண்டிருந்தேன். கொத்தனார், தொட்டியைக் கட்டிக் கொடுத்துவிடலாம், ஆனால் உப்பு எப்போ ஊத்தணும், கல்லு எப்போ மாத்தணும்னு யாருக்குத் தெரியும், மகன் பம்பாயிலிருந்து வருகிறாரா என்று மாமாவிடம் கேட்டார். மாமா தொட்டிக்கான இடத்தை ஒருமுறை பார்த்தார். உங்கள் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன்.

“அதுக்கு அலிமா இருக்கால்லா. அவ பாத்துக்கிடுவா” என்றார்.

வேலையாட்கள் எல்லோரும் இருந்தார்கள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் மருமகள், உங்கள் வீட்டுக்காரி, ஏட்டி, இப்படித்தான். மாமா வாயில் என் பெயர் வந்து நான் கேட்டதே இல்லை. அவர் அதை ஒரு விசேஷமாகச் சொல்லவும் இல்லை. குடத்தை எடு, கம்பை எடு என்பதுபோல் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நூல்கயிற்றைப் பிடிக்கப் போய்விட்டார். நான் சல்லடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வெளியே காற்று, உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம், எல்லாம் தூரத்தில் யாரோ பேசுவதுபோல் இருந்தது. நான் யார் என்று எனக்கு யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல் இருந்தது.

நேற்று அண்ணன் வந்து எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்கட்டும் என்று கேட்டார். எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் நான் சொன்ன முதல் சொல் இதுதான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

கோபம் வந்தால் கோபமாகவே எழுதுங்கள். வெள்ளை அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கும்போது எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் இங்கே காற்று திரும்பிச் சாரல் பிடித்துவிடும். லீவு போட்டு ஒருமுறை வாருங்கள். என்னைக் கூட்டிப் போக என்று நினைத்து வரவேண்டாம். சும்மா வாருங்கள். பட்டறை வாசலில் நில்லுங்கள். வேலை நடுவே மாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நான் என்ன என்று கேட்டுக்கொண்டு போவேன். அதை ஒரு தடவை உங்கள் காதால் கேளுங்கள். கேட்டபிறகு நீங்கள் எது சொன்னாலும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

அல்லாஹ் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அலிமா